செவிலியர் படிப்பின் இறுதியாண்டு: சிறப்புப் பிரிவை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: இறுதியாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் செவிலியர் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். படிப்பு முடிந்ததும் எந்தப் பிரிவில் பணியைத் தொடங்குவது என்பதை இன்னும் சில மாதங்களில் முடிவு செய்தாக வேண்டும். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம், தீவிர சிகிச்சை ஆகிய எல்லாப் பிரிவுகளிலும் சில வாரங்கள் பயிற்சி பெற்றிருக்கிறேன். ஆனால், மாணவியாக ஓரமாக நின்று நான் பார்த்தது அந்தந்தப் பிரிவின் உண்மையான வேலைதானா, அல்லது மாணவியரிடம் நம்பி ஒப்படைக்கக்கூடிய சிறு பகுதி மட்டுமா என்பது எனக்கு விளங்கவில்லை.

என் மனத்தை இரண்டு பிரிவுகள் ஈர்க்கின்றன. ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவு. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்த ஒரு நோயாளிக்கு நார்அட்ரினலின் மருந்தின் வேகத்தைச் செவிலியர் சிறிது சிறிதாகக் கூட்ட, சில நிமிடங்களுக்குள் சராசரித் தமனி அழுத்தம் 65 மி.மீ. பாதரச அளவைத் தாண்டியதைக் கண்டபோது, உடலியங்கியல் பாடத்தில் நான் மனப்பாடம் செய்தவை எல்லாம் முதன்முறையாகப் பொருள் பெற்றன. மற்றொன்று, பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புப் பராமரிப்புப் பிரிவு. அங்கே ஒரு மூத்த செவிலியர், வலி எங்கே தொடங்குகிறது, எந்த நேரத்தில் கூடுகிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது என்று ஒரு நோயாளியிடம் அவசரமின்றிக் கேட்ட விதம் என்னை விட்டு நீங்கவில்லை.

பாலியேட்டிவ் பிரிவுக்குப் போனால் கற்ற திறமைகள் துருப்பிடித்துவிடும் என்றும், நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் தீவிர சிகிச்சைக்குத்தான் செல்ல வேண்டும் என்றும் வகுப்புத் தோழிகள் சொல்கிறார்கள். எங்கள் ஆசிரியரோ, எதுவாக இருந்தாலும் முதலில் இரண்டு ஆண்டுகள் பொது வார்டில் வேலை பார்த்த பிறகுதான் சிறப்புப் பிரிவைப் பற்றி நினைக்கவே வேண்டும் என்கிறார். புதிதாகப் பட்டம் பெற்றவர் நேரடியாகச் சிறப்புப் பிரிவில் சேர்வது தவறா? முதலில் எடுக்கும் முடிவு பிற்காலத்தில் வேறு வாசல்களை அடைத்துவிடுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிரிவு எனக்குப் பொருந்துமா என்பதை எதை வைத்து அறிந்துகொள்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

அன்புத் தங்கைக்கு வணக்கம். உங்களுடைய கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும். ஒரு பிரிவின் நெருக்கடியான நிமிடங்களை வைத்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் கண்ட நார்அட்ரினலின் காட்சி உண்மையானது, அழகானதும்கூட; ஆனால் எங்கள் பணிநேரத்தில் அத்தகைய நிமிடங்கள் மிகக் குறைவு. மீதி நேரத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்து, அதை ஆண்டுக்கணக்கில் மனமுவந்து செய்ய முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளியை நிலையான ஒரு பிற்பகலில் பார்த்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்கொரு முறை சிறுநீரின் அளவைக் குறிக்கிறோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டருக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் சொல்கிறோம். நுரையீரல் தொற்றைத் தடுப்பதற்காகக் கட்டிலின் தலைப்பகுதி 30 முதல் 45 பாகை உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறோம், வாயைச் சுத்தம் செய்கிறோம், சளியை உறிஞ்சி எடுக்கிறோம், மூடாத கண்கள் உலர்ந்துவிடாமல் காக்கிறோம், படுக்கைப் புண் வராதபடி குறித்த இடைவெளியில் உடலைத் திருப்பிப் படுக்கவைக்கிறோம். மருந்து செலுத்தும் ஒவ்வொரு பம்பின் அளவையும் மருத்துவரின் உத்தரவோடு ஒப்பிடுகிறோம். ஒலிக்கும் எச்சரிக்கை மணிகளில் பெரும்பாலானவை உடனடிச் செயல் எதையும் கோருவதில்லை. ஆனால், கோருகின்ற அந்த ஒன்றை இரைச்சலுக்கு நடுவே பிரித்தறியும் காது நமக்கு வேண்டும். நள்ளிரவில் மனக்குழப்பத்துக்கு ஆளாகிச் சுவாசக் குழாயைப் பிடுங்க முயலும் நோயாளியிடம், அவர் எங்கே இருக்கிறார், இது எந்த நேரம் என்று பத்தாவது முறையும் அதே பொறுமையோடு சொல்ல வேண்டியிருக்கும்.

தீவிர சிகிச்சை என்றால் இயந்திரம் என்ற எண்ணம் மாணவியரிடையே வலுவாக இருக்கிறது. அதன் வரலாறு வேறு விதமானது. 1952-ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய் பரவி, மூச்சு விட முடியாத நோயாளிகள் வந்து குவிந்தபோது அங்கே போதுமான இயந்திரங்கள் இல்லை. மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன் காட்டிய வழியில், நோயாளியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் கையாலேயே பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினார்கள். இறப்பு பெரிதும் குறைந்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் நவீன தீவிர சிகிச்சைப் பிரிவு உருவாயிற்று. ஒரு நோயாளியின் அருகில் எந்நேரமும் ஒருவர் இருப்பதே இந்தப் பிரிவின் அடிப்படை. கடும் நிலையிலுள்ள ஒருவருக்கு ஒரு செவிலியர் என்ற விகிதத்தை நாங்கள் வலியுறுத்துவதும் அதனால்தான். ஒரே மனிதரிடம் மணிக்கணக்கில் கவனத்தைக் குவிப்பது உங்களுக்கு நிறைவு தருமானால் வாருங்கள். பலரிடம் நடந்து சென்று பேசிப் பழகினால்தான் நாள் நிறையும் என்ற இயல்பு உடையவராயின், எங்கள் பிரிவு சில மாதங்களிலேயே உங்களை வாட்டிவிடும்.

மறுமொழி: பொது மருத்துவ வார்டின் பொறுப்புச் செவிலியர்

உங்கள் ஆசிரியரின் அறிவுரையில் ஒரு பாதியை ஏற்கிறேன். மறுபாதி எனக்கு வருத்தம் தருகிறது. பொது வார்டைக் காத்திருப்பு அறையாகவும், சிறப்புப் பிரிவுக்குப் போவதற்கு முன் கழிக்க வேண்டிய தவக்காலமாகவும் பேசும் வழக்கம் செவிலியர் கல்வியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டு வருபவர்கள் முதல் நாளிலிருந்தே வெளியேறும் நாளை எண்ணுகிறார்கள். அதன் விலையை நோயாளிகள் கொடுக்கிறார்கள்.

எங்கள் வார்டு கற்றுத் தரும் திறமை ஒன்று உண்டு, அதை நான் வேறெங்கும் இவ்வளவு கூர்மையாகக் கண்டதில்லை: ஒரே நேரத்தில் பலருக்கு நாம் தேவைப்படும்போது யாரிடம் முதலில் செல்வது என்று முடிவு செய்வது. நேற்று வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் சற்றே வேகமாக மூச்சு விடுகிறார், இன்சுலின் போட வேண்டியவருக்கு உணவு வந்துவிட்டது, வீடு திரும்பும் முதியவருக்கு எந்த மாத்திரையை எப்போது விழுங்குவது என்று விளக்க வேண்டும், கழிவறைக்குத் தனியாக எழுந்து போக முயல்பவர் விழுந்துவிடக்கூடும். இவை நான்கும் ஒரே ஐந்து நிமிடங்களில் நடக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் திரை சொல்லிவிடும். இங்கே நம் கண்தான் திரை. மூச்சின் வேகத்தை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்காமல் வழக்கமான எண்ணை எழுதிவைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இங்கே கற்றுக்கொள்வீர்கள், ஏனெனில் நோயாளியின் நிலை சரியத் தொடங்கும்போது பல சமயங்களில் முதலில் மாறுவது அதுவே. பிரிட்டனில் 2012-இல் அறிமுகமான முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை, மூச்சின் வேகம், ரத்த ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் வெப்பம் ஆகிய ஆறையும் சேர்த்து மதிப்பிடுவது, ஒவ்வோர் எண்ணும் தனியாகப் பார்க்கும்போது அச்சமூட்டாத அளவிலேயே இருக்க, மொத்தத்தில் நோயாளி மோசமடைந்துவிடலாம் என்பதற்காகத்தான்.

ஆகவே நான் சொல்வது இதுதான். இந்தத் திறமை உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால் பொது வார்டுக்கு முழு மனத்தோடு வாருங்கள். அது கட்டாயக் கடமை என்று மட்டும் நினைத்து வருவதாயின், வேண்டாம்.

மறுமொழி: செவிலியர் பயிற்றுநர்

மேலே எழுதியவரின் உணர்வை மதிக்கிறேன். எனினும், முதலில் இரண்டு ஆண்டுகள் பொது வார்டு என்ற விதியை இன்னும் வெளிப்படையாகவே மறுக்க விரும்புகிறேன். செவிலியரின் திறன் எப்படி வளர்கிறது என்பதை ஆராய்ந்த பாட்ரிசியா பென்னர், 1984-இல் ஐந்து படிநிலைகளை வகுத்துக் காட்டினார். ஒன்றும் அறியாத தொடக்க நிலை, ஓரளவு முன்னேறிய தொடக்க நிலை, தகுதி நிலை, தேர்ச்சி நிலை, வல்லுநர் நிலை என்பவை அவை. அவருடைய ஆய்வில் மாணவியர் அடிக்கடி கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு: இந்தப் படிநிலைகள் ஒரு மனிதரோடு ஒட்டிக்கொண்டு எங்கும் செல்வன அல்ல, அவர் பழகிய சூழலோடு பிணைந்தவை. ஒரே வகையான சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றிய பிறகுதான் ஒருவர் தகுதி நிலையை எட்டுகிறார் என்று அவர் கண்டார். அத்தகையவரை முற்றிலும் புதிய பிரிவுக்கு மாற்றினால் அவர் மீண்டும் தொடக்க நிலைக்கு அருகில்தான் நிற்பார். பொது வார்டில் கற்ற முன்னுரிமை அறிவும் கண்ணின் கூர்மையும் உடன் வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வென்டிலேட்டரையோ, குறைமாதக் குழந்தையின் தோலையோ, தற்கொலை எண்ணம் கொண்டவரிடம் பேசும் முறையையோ அந்தப் பிரிவுக்குச் சென்ற பிறகுதான் கற்க வேண்டியிருக்கும். அதை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுவதால் மட்டும் ஒருவர் ஆயத்தமாகிவிடுவதில்லை.

அப்படியானால் நேரடியாகச் சிறப்புப் பிரிவுக்குச் செல்லலாமா? செல்லலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பயிற்சிக் காலத்தில் கற்ற இலட்சியங்களோடு பணியில் சேரும் புதிய செவிலியர், நடைமுறையைக் கண்டு அடையும் அதிர்ச்சியை 1974-இலேயே மார்லின் கிரேமர் விரிவாக ஆராய்ந்து, அதற்கு யதார்த்த அதிர்ச்சி என்று பெயரிட்டார். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அந்த அதிர்ச்சி வரும். அதைத் தாங்கிக் கடப்பதற்கு உதவுவது அனுபவமுள்ள ஒருவர் குறிப்பிட்ட காலம் வரை உடன் நின்று கற்றுத் தரும் ஏற்பாடு. அந்த ஏற்பாடு ஒழுங்காக இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு, அது இல்லாத பொது வார்டைவிடப் புதியவருக்குப் பாதுகாப்பானது. இதை எத்தனையோ மாணவியரின் முதல் ஆண்டைப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன். எனவே பிரிவின் பெயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கற்பிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வாசல்கள் அடைபடுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அடைபடுவதில்லை, சில விதிவிலக்குகள் உண்டு. சில மேற்படிப்புகள் குறிப்பிட்ட அனுபவத்தை முன்நிபந்தனையாகக் கேட்கும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் மயக்க மருந்துச் செவிலியர் படிப்பில் சேர்வதற்குத் தீவிர சிகிச்சையில் குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். பல நாடுகளில் பேறுகாலச் செவிலியம் தனிப் பதிவும் தனிப் பயிற்சியும் உடைய தொழில். இத்தகைய இலக்கு ஒன்று உங்கள் மனத்தில் இருந்தால், அதன் நிபந்தனைகளை முதலிலேயே படித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். அப்படி ஓர் இலக்கு இல்லையென்றால், முதல் பிரிவை வாழ்நாள் முடிவாகக் கருதி அஞ்ச வேண்டியதில்லை.

மறுமொழி: நோய்த்தணிப்புப் பராமரிப்புச் செவிலியர்

துருப்பிடித்துவிடும் என்ற சொல்லுக்கு மறுப்புச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. எங்கள் பிரிவைப் பற்றி அப்படிப் பேசுபவர்கள், சிகிச்சை முடிந்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடம் அது என்று எண்ணுகிறார்கள். கையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு, அதில் எனக்குக் குறைவு ஏதுமில்லை. ஆனால், ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொள்ளும் மார்பின் என்ற வலிநிவாரணியின் மொத்த அளவைக் கணக்கிட்டு, இடையில் திடீரென வலி எழுந்தால் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவு அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கா, நோயாளியின் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் அதைக் குறைக்க வேண்டுமா, மருந்தையே மாற்ற வேண்டுமா என்று மருத்துவரோடு விவாதிப்பவர் செவிலியர். விழுங்க முடியாமல் போனதும் வாய்வழி மருந்தைத் தோலுக்கடியில் 24 மணி நேரமும் மெதுவாகச் செலுத்தும் சிரிஞ்சு பம்புக்கு மாற்றும்போது, அளவு பாதியாகக் குறைகிறதா என்று சரிபார்ப்பவரும் அவரே. மார்பின் தொடங்கிய நாளிலேயே மலச்சிக்கலுக்கான மருந்தையும் தொடங்காவிட்டால், வலி தணிந்தவருக்கும் வேறொரு துன்பத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். மூச்சுத்திணறல், இறுதி நாள்களில் வரும் மனக்கிளர்ச்சி, நாற்றம் வீசும் புற்றுநோய்ப் புண் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கற்க வேண்டிய முறை உண்டு. சிரையில் ஊசி ஏற்றும் வேகம் குறையலாம். அதை மீண்டும் பழகிக்கொள்ளலாம். மதிப்பீடு செய்யும் அறிவு இங்கே கூர்மையடையும்.

முதல் முடிவு பிற்கால வாசல்களை அடைக்குமா என்ற கேள்விக்கு, எங்கள் துறையைத் தொடங்கிவைத்தவரின் வாழ்க்கையே ஒரு விடை. சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராகப் பயின்றார். முதுகுவலியால் அந்தப் பணியைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். பிறகு மருத்துவம் படித்து 1957-இல் மருத்துவரானார். 1967-இல் லண்டனில், இறுதிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடலின் வலி, மனத்தின் துயரம், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு ஆகியவை சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று அவர் கண்டதற்கு, இந்த மூன்று தொழில்களிலும் நின்று பார்த்த பார்வை துணை செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கே வந்தால் வீண் என்போருக்கு ஒன்று சொல்வேன்: நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தேவை இவ்வளவு இருக்கும் இடத்துக்குத் திறமையானவர்கள் வருவது எப்படி வீணாகும்?

இனி, உங்களை ஈர்த்த காட்சியைப் பற்றி. அந்த மூத்த செவிலியரின் அமைதி உண்மையானது. ஆனால் அது அந்த இடத்தின் அமைதி அன்று, அவர் பயின்று பெற்ற அமைதி. உண்மையைத் தந்தையிடம் சொல்லக் கூடாது என்று மகன் வாதாடுவார். தந்தையோ உங்களிடம் தனியாக, நான் இறந்துகொண்டிருக்கிறேனா என்று கேட்பார். அந்த இரண்டு மனிதர்களுக்கும் நேர்மையாக இருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஒரே வாரத்தில் நன்கு பழகிய பலர் இறந்துவிடுவதும் உண்டு. மேலும், அண்மையில் உங்கள் குடும்பத்தில் ஓர் இழப்பு நேர்ந்திருந்து, அதனால் இந்தப் பிரிவு உங்களை அழைப்பதாகத் தோன்றினால், சற்றுக் காலம் கழித்து வாருங்கள் என்று அன்போடு சொல்வேன். அந்தத் துயரம் உங்களைத் தகுதியற்றவராக்கிவிடாது. ஆனால் ஒவ்வொரு நோயாளியின் படுக்கையிலும் உங்கள் சொந்த உறவையே காணும் நிலையில் இந்த வேலையைத் தாங்குவது கடினம்.

மறுமொழி: டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்

இரண்டு பிரிவுகளை மட்டும் எதிரெதிரே நிறுத்தி ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. மாணவியர் பயிற்சிக்குச் செல்லாத பிரிவுகள் அவர்களுடைய கணக்கிலேயே வருவதில்லை. எங்கள் பிரிவில் ஒரு நோயாளி பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவுக்கு எங்களோடு இருப்பார். அது ஆண்டுக்கணக்கில் தொடரும். இயந்திரமும் உடலியங்கியலும் உண்டு: இரண்டு அமர்வுகளுக்கு இடையே எவ்வளவு எடை கூடியது, எவ்வளவு நீரை வெளியேற்றலாம், ரத்த அழுத்தம் சரிந்தால் வேகத்தை எப்போது குறைப்பது என்று ஒவ்வோர் அமர்விலும் கணக்கிட வேண்டும். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலாவின் மீது விரலை வைத்து அதன் அதிர்வை உணராமல் ஊசியை எடுக்க மாட்டோம். அதே நேரத்தில் அந்த மனிதரின் மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதும், நீர் அருந்தும் கட்டுப்பாட்டை எந்த நாளில் மீறுவார் என்பதும் எங்களுக்குத் தெரியும். உங்களை ஈர்த்த இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

உடலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை அரங்கில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், இதய ஊடுகுழாய்க் கூடத்தில் கதிர்வீச்சைத் தடுக்கும் கனமான கவசத்தை அணிய வேண்டும், புற்றுநோய் மருந்துகளைக் கையாள்பவர்கள் கர்ப்பக் காலத்தில் தனி முன்னெச்சரிக்கைகளைப் பின்பற்ற வேண்டும். இரவுப் பணி எல்லோருடைய உடலுக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்வதில்லை. இவற்றைப் பற்றிக் கேட்பது சோம்பல் ஆகாது.

மறுமொழி: இறுதியாண்டு மாணவி (கேள்வி கேட்டவர்)

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. டயாலிசிஸ் பிரிவு அக்கா எழுதியதைப் படித்த பிறகு, என்னை ஈர்த்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு செவிலியர் நோயாளியைக் கூர்ந்து கவனித்து, மருந்தின் அளவை மாற்றி, மாற்றியதன் பலனை மீண்டும் திரும்பிவந்து பார்த்தார். ஒன்றில் பலன் திரையில் தெரிந்தது, மற்றொன்றில் நோயாளியின் முகத்தில் தெரிந்தது. இதைத்தான் நான் விரும்புகிறேன் என்பது இப்போது ஓரளவு தெளிவாகிறது. குடும்பத்தில் அண்மையில் இழப்பு எதுவும் நேரவில்லை; ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நன்றி சொல்கிறேன்.

இறுதிப் பயிற்சிக்குப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எங்களுக்கு உண்டு. நான் தீவிர சிகிச்சைப் பிரிவையே கேட்கலாம் என்று இருக்கிறேன், ஏனெனில் அதைப் பற்றிய என் எண்ணத்தைத்தான் இன்னும் அதிகமாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. அங்கே எதைக் கவனிக்க வேண்டும்? பின்பு வேலைக்கான நேர்காணலில், கற்றுத் தரும் இடமா என்பதை அறிய எதைக் கேட்க வேண்டும்?

மறுமொழி: செவிலியர் பயிற்றுநர்

நல்ல முடிவு. பயிற்சியின்போது நடைமுறைகளின் எண்ணிக்கையைச் சேர்ப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். பொறுப்புச் செவிலியரின் அனுமதி பெற்று, ஒரே செவிலியரோடு, ஒரே நோயாளியின் அருகில், பணி தொடங்கும் ஒப்படைப்பிலிருந்து முடியும் ஒப்படைப்பு வரை முழுமையாக இருங்கள். முடிந்தால் இரவுப் பணியிலும் அப்படி இருங்கள். வீடு திரும்பிய பிறகு, அன்றைய வேலையில் எது உங்களைச் சோர்வடையச் செய்தது, எதில் நேரம் போனதே தெரியவில்லை என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். எல்லா வேலையும் சோர்வு தரும். தூங்கி எழுந்ததும் நீங்கும் சோர்வா, மறுநாள் போக வேண்டுமே என்ற எண்ணத்தோடு தொடரும் சோர்வா என்பதைப் பிரித்துப் பாருங்கள். பயிற்சி முடியும்போது அந்தக் குறிப்புகளில் ஒரு போக்குத் தெரியும்.

பணி ஒப்படைப்பின்போது புதியவர் ஒருவர் கேள்வி கேட்டால் மூத்தவர்கள் எப்படி விடை சொல்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கேளுங்கள். கேள்விக்கு எரிச்சலோடு பதில் வரும் இடத்தில், புதியவர்கள் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டப் பழகிக்கொள்வார்கள். தீவிர சிகிச்சையில் அதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை.

நேர்காணலில் பயிற்சி உண்டா என்று பொதுவாகக் கேட்டால், உண்டு என்ற பதில்தான் வரும். ஆகவே விவரமாகக் கேளுங்கள். புதியவரோடு உடன் நிற்பவர் ஒருவரா, நாளுக்கு நாள் மாறுவாரா. அந்தக் காலத்தில் அவருக்குத் தனி நோயாளிகள் ஒதுக்கப்படுவார்களா. பணியாள் குறையும் நாளில் பயிற்சியிலிருப்பவரைத் தனியாக நிறுத்துவார்களா. எந்த அளவுகோலை வைத்து ஒருவர் தனித்துப் பணியாற்றத் தகுதி பெற்றதாக முடிவு செய்கிறார்கள். கடந்த ஓராண்டில் சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்கவும் தயங்க வேண்டாம். மருந்து கொடுப்பதில் தவறு நேர்ந்தால் அதைத் தெரிவிக்கும் முறை என்ன, தெரிவித்தவருக்கு என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள். வாய்ப்புக் கிடைத்தால், அங்கே சேர்ந்து ஓராண்டு நிறையாத செவிலியர் ஒருவரிடம் தனியாகப் பேசிவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

மறுமொழி: தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பயிற்சிக்கு வரும் முன் ரத்த வாயுப் பரிசோதனை முடிவுகளைப் படிக்கவும், மருந்தின் வேகத்தை ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடவும் பழகிக்கொண்டு வாருங்கள். அவை கைவந்திருந்தால் எண்களோடு போராடாமல் நோயாளியைப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். மயக்க நிலையில் இருப்பவரிடமும், தொடுவதற்கு முன் உங்கள் பெயரைச் சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.